நிக்கிற வண்டிக்குத்தான் நோவு ஜாஸ்தி

வண்டி கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஏடிவி பத்திதான். பெங்களூர சுத்தி ஃபார்ம் ஹவுஸ் வச்சிருக்கிறவங்க எல்லாம் பசங்க லீவுக்கு நாலு சக்கர பைக்க ஷெட்ல இருந்து வெளிய தள்ளிருக்கீங்க, அது மக்கர் பண்ணிருக்கு, நமக்கு எழுதிருக்கீங்க. சரி, பாத்துரலாம்.

கேள்வி: மாஸ்டர், கனகபுரா ரோட்ல ஒரு ஃபார்ம் ஹவுஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன். ஓனர் மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து ஏடிவி ஓட்டுவாரு. சொல்லி வச்ச மாதிரி அவரு வர்ற அன்னைக்குத்தான் செல்ஃப் எடுக்காது, டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும். ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரி மாத்தியாச்சு. இப்போ பிரேக் லீவர் வேற ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குது. திட்டு எனக்குத்தான். வாரா வாரம் பிரஷர் வாஷர் போட்டு பளபளனு கழுவி வைக்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணியும் விடுறேன். இன்னும் என்னதான் பண்றது?
(வாசகர், கனகபுரா ரோடு)

பதில்: தம்பி, கோச்சுக்காதீங்க, நீங்க நல்லதுன்னு நெனச்சு பண்ற அந்த ரெண்டு வேலைதான் வண்டிய கெடுக்குது.

ஒரு தடவை செல்ஃப் அடிக்க பேட்டரி குடுக்கிற கரண்ட்ட ரெண்டு நிமிஷ ஐடில்ல திருப்பி ஏத்த முடியாது. வாரா வாரம் நீங்க கடன் வாங்கி வாங்கி பேட்டரிய பாதி காலியாவே நிக்க வச்சிருக்கீங்க, அப்படி நின்னா உள்ள பிளேட்டு மேல சல்ஃபேட் உப்பு கல்லு மாதிரி இறுகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது ஏறாது, கடைக்காரன் "போச்சு சார், புதுசு போடுங்க"ம்பான், அவன் சொல்றதும் பொய் இல்ல. ஸ்டார்ட் பண்ணினா அரை மணி நேரமாச்சும் தோட்டத்துக்குள்ள ஒரு சுத்து ஓட்டுங்க, இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

எஸ்.பி. ரோட்ல சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும், ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, ஓனர் கிட்ட பில்லு குடுத்துருங்க. வண்டி ராத்திரி முழுக்க நின்னதுக்கு அப்புறம் காலைல டெர்மினல்ல வச்சு பாருங்க. 12.6-ல இருந்து 12.8 வோல்ட் காட்டினா நல்லா இருக்கு, 12.4-க்கு கீழ போனா சார்ஜ் போடணும், 12-ன்னு காட்டினா அது பேருக்குத்தான் பன்னெண்டு, கிட்டத்தட்ட காலி. அப்புறம் இன்ஜின ஓட விட்டு லேசா ரேஸ் குடுத்து பாருங்க, 13.5-ல இருந்து 14.5 பக்கம் ஏறணும். ஏறலன்னா கோளாறு பேட்டரியில இல்ல, சார்ஜிங் பக்கம், அப்போ நாலாவது பேட்டரி வாங்கினாலும் அதே கதைதான். மூணு பேட்டரி மாத்தின உங்க மெக்கானிக் இத ஒரு தடவையாச்சும் பாத்தாரான்னு கேளுங்க.

சார்ஜர் விஷயத்துல ஒரே கணக்கு, பேட்டரி மேல எத்தனை ஆம்பியர் ஹவர்னு போட்டிருக்கோ அதுல பத்துல ஒரு பங்கு. 9 ஆம்பியர் ஹவர்னா 0.9 ஆம்பியர்ல நிதானமா ஏத்தணும். லாரி பேட்டரி சார்ஜ் போடுற கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல சூடா வாங்கிட்டு வரலாம், பிளேட்டு வளைஞ்சு போயிருக்கும், அவ்வளவுதான். மூடி திறக்கிற டைப்னா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், மேல் கோடு வரைக்கும். ஆசிட் ஊத்தாதீங்க, போர் தண்ணி கூடவே கூடாது.

ஓனர் அடுத்த மாசம்தான் வருவாருன்னா நெகட்டிவ் ஒயர கழட்டி வச்சுருங்க. கழட்டறப்போ நெகட்டிவ் மொதல்ல, மாட்டறப்போ பாசிட்டிவ் மொதல்ல. இத நான் படிச்சு கத்துக்கல. சிவாஜிநகர் ஷெட்ல வேலைக்கு சேந்த புதுசுல பாசிட்டிவ் மொதல்ல கழட்டப் போயி 10 நம்பர் ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டுச்சு, பளிச்சுனு ஒரு பொறி, ஸ்பேனர் வாயில ஒரு ஓரம் உருகி போச்சு. இன்னும் என் டூல் பாக்ஸ்ல கிடக்கு, புது பசங்க வந்தா மொதல்ல அததான் காட்டுவேன். டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா ஆப்ப சோடாவ தண்ணில கரைச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, மூடி இருந்தா உள்ள போகாம பாத்துக்கோங்க, தொடச்சு காய விட்டு டைட் பண்ணி மேல வேஸலின் தடவுங்க. டிக் டிக் சத்தம் பாதி நேரம் லூஸ் டெர்மினலாலயும் வரும்.

இப்போ பிரேக். நம்ம ஊர்ல பிரேக் ஆயில்னு சொல்றோம், ஆனா அது ஆயிலே இல்ல, கிளைகால் சேர்ந்த திரவம், காத்துல இருக்கிற ஈரத்த உப்பு மாதிரி இழுத்துக்கும். டாட் 4-ங்கிற தரத்துல வர்ற பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு ஸ்டாண்டர்டு, அதுல நாலு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மியா தண்ணி சேந்தாலே அது 155-க்கு இறங்கிடும். வண்டி ஓடினாலும் நின்னாலும் தண்ணி சேந்துக்கிட்டேதான் இருக்கும், அதனால கிலோமீட்டர் கணக்கு பாக்காம ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ரிசர்வாயர், அதான் பிரேக் ஆயில் நிக்கிற டப்பா, அதோட கண்ணாடி வழியா பாருங்க, இளம் தேன் கலர்ல இருக்கணும், டீ டிகாஷன் கலர்ல இருந்தா மாத்தற காலம் தாண்டிருச்சு. லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதுன்னா லைன்ல ஏர் ஏறிருக்கு, ஆயில் மாத்தி ஏர் எடுக்கணும், அத ஒரு தெரிஞ்ச ஆள் வச்சு பண்ணுங்க. அது வரைக்கும் ஓனர் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, சாவிய குடுக்காதீங்க.

இன்னொண்ணு, ஆயில் லெவல் கம்மியானா உடனே ஊத்தி ரொப்பாதீங்க. எங்கயும் கசியலன்னா பேடு தேய்ஞ்சுதான் லெவல் இறங்கிருக்கும், பேட பாருங்க, லைனிங் 1 மில்லிமீட்டர் பக்கம் வந்துட்டா மாத்திருங்க. ரொப்பி வச்சீங்கன்னா புது பேடு போட்டு பிஸ்டன உள்ள தள்றப்போ மேல வழிஞ்சு பெயின்ட தின்னுரும்.

வாஷர் கதை இதுதான். அந்த அழுத்தத்துல தண்ணி பேரிங் சீல தாண்டி, டிரம்முக்குள்ள, கேபிள் முனையில இருக்கிற ரப்பர் பூட்டுக்குள்ள எல்லாம் போயிடும், உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி தெரியாது. பக்கெட்டும் துணியும் போதும். கழுவினதும் பிரேக்க லேசா புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டி காய வச்சுட்டு அப்புறமா நிறுத்துங்க. நிறுத்தறப்போ பார்க்கிங் பிரேக் போட்டு மாசக்கணக்கா விடாதீங்க, மழைக்காலத்துல பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும், சக்கரத்துக்கு ரெண்டு செங்கல்லு வச்சா முடிஞ்சுது.

கேள்வி: அண்ணா, நானும் வீட்டுக்காரரும் நந்தி மலை பக்கம் சின்னதா ஒரு ரைடிங் டிராக் நடத்தறோம். ஒரு ஏடிவியில கட்டை விரல் ஆக்சிலேட்டர் விட்டாலும் உடனே திரும்ப வர மாட்டேங்குது. விசித்திரம் என்னன்னா காலைல மட்டும்தான் இப்படி, பத்து பதினோரு மணிக்கு மேல தானா சரியாயிடுது. கேபிளுக்கு எங்க பையன் எண்ணெய் எல்லாம் விட்டிருக்கான்.
(வாசகி, அல்சூர்)

பதில்: தங்கச்சி, அந்த வண்டிய இன்னைக்கே ஓரம் கட்டுங்க, மத்தத அப்புறம் பேசலாம். பிரேக் கம்மியானா வண்டி நிக்க லேட் ஆகும், ஆக்சிலேட்டர் ஒட்டினா வண்டி நிக்கவே நிக்காது, மேல இருக்கிறது யாரு வீட்டுப் பிள்ளையோ.

இப்போ நான் ஒண்ணு கேக்கறேன், பையன் விட்ட எண்ணெய் தேங்கா எண்ணெயா? உங்க கடுதாசிய படிச்சதும் எனக்கு நம்ம பாத்ரூம் டப்பாதான் ஞாபகம் வந்துச்சு. மார்கழி வந்தா பெங்களூர்ல தேங்கா எண்ணெய் டப்பாவ கவுத்தாலும் விழாது, 24 டிகிரிக்கு கீழ போனா உறைய ஆரம்பிச்சுரும், நந்தி மலை பக்கம் விடிகாலை குளிர் கேக்கவே வேணாம். கேபிள் உறைக்குள்ள அதே எண்ணெய் மெழுகா இறுகி ஒயர புடிச்சுக்குது, வெயில் ஏறினா உருகி விட்டுருது. சென்னையில இருந்து வந்த பையனா இருந்தா அவனுக்கு இது தெரிய நியாயம் இல்ல, திட்டாதீங்க.

எண்ணெய் விட்ட கேபிள மாத்தறதுதான் புத்தி. வேற கேபிளுக்கு எண்ணெய் விடணும்னா மேல் முனைய கழட்டி, பிளாஸ்டிக் கவரோட மூலைய வெட்டி புனல் மாதிரி உறையில சொருகி ரப்பர் பேண்ட் போட்டு, தொங்க விட்டு, நீர்த்த மெஷின் ஆயில் கொஞ்சமா ஊத்தி ஒயர மேலயும் கீழயும் இழுத்து விடுங்க, கீழ் முனையில அழுக்கு வழிஞ்சு அப்புறம் சுத்தமா சொட்டணும். கெட்டி கிரீஸ் வேணாம், டிராக் புழுதிய சேத்து மாவு அரைக்கும். சில கேபிள் உள்ள வழுவழுப்பு லைனிங்கோட வரும், அதுக்கு எண்ணெயே வேணாம்னு மேனுவல்ல போட்டிருப்பான், பாத்துக்கோங்க. ஒயர்ல ஒரே ஒரு பிரி அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தாலும் தூக்கி போட்டுருங்க, அந்த முள்ளு உறைக்குள்ள மாட்டினா ஆக்சிலேட்டர் தொறந்தபடியே நின்னுரும்.

மாட்டினதுக்கு அப்புறம் லீவர்ல பிளே, அதான் கேபிள் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லீவர் லூசா ஆடுற தூரம், அத பாருங்க, நெறைய வண்டிக்கு 3-ல இருந்து 5 மில்லிமீட்டர் இருக்கும், உங்களுக்கு மேனுவல் சொல்றதுதான் கணக்கு. அப்புறம் கண்டிப்பா இந்த சோதனை: நியூட்ரல்ல, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜின் ஐடில்ல ஓடறப்போ ஹேண்டில் பார இந்த கோடி அந்த கோடி முழுசா திருப்புங்க. சத்தம் ஏறுதுன்னா கேபிள் எங்கயோ இழுபடுது, ரூட் தப்பு. நீங்க நிதானமா திரும்பறப்போ வண்டி தானா பாஞ்சுரும்.

தினமும் கடை தொறக்கறப்போ ஒவ்வொரு வண்டியிலயும் லீவர அமுக்கி பட்டுனு விடுங்க, டக்குனு திரும்ப வந்து அடிக்கணும். குளிருல பண்ணுங்க, வெயில்ல இல்ல.

கேள்வி: ஜே.சி. ரோட்ல டாட் 4 கேட்டேன், டாட் 5 இன்னும் பெட்டர்னு கடைக்காரர் சொல்றாரு. போடலாமா?
(வாசகர், எஜிபுரா)

பதில்: போடாதீங்க. டாட் 5 சிலிக்கோன், டாட் 3, 4, 5.1 எல்லாம் கிளைகால் ஜாதி, ரெண்டையும் கலக்கக் கூடாது. 5-க்கும் 5.1-க்கும் நடுவுல ஒரு புள்ளிதான் வித்தியாசம்னு நெனச்சு ஏமாந்துராதீங்க. ரிசர்வாயர் மூடி மேலயே எது போடணும்னு எழுதிருக்கும், அந்த மூடிதான் உங்களுக்கு மெக்கானிக். சீல் ஒடைச்ச பழைய பாட்டில் வேணாம், பாதி விலைக்கு குடுத்தாலும்.

கேள்வி: ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத ஏடிவிய பக்கத்து ரோட்ல பால் வாங்க மட்டும் எடுத்துட்டு போலாமா சார்?

பதில்: கூடாது. மோட்டார் வாகன சட்டம் 1988-ல பாலுக்குன்னு தனி பிரிவு இல்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கன்னு) போலீஸ்கிட்டயும் சொல்ல முடியாது. நடந்து போங்க.

கேள்வி: மாஸ்டர், மழைக்கு அப்புறம் டிஸ்க் கீச்சு கீச்சுனு கத்துச்சு. சங்கடமா இருந்துச்சுன்னு டிஸ்க் மேல ஸ்பிரே ஆயில் அடிச்சேன். சத்தம் சுத்தமா நின்னுருச்சு. ஆனா இப்போ பிரேக்கும் புடிக்கல.
(வாசகர், ஆனேக்கல்)

பதில்: சத்தம் ஏன் நின்னுச்சுன்னு இப்போ புரிஞ்சிருக்குமே. மழைல டிஸ்க் மேல மெல்லிசா துரு படியும், நாலு தடவை பிரேக் புடிச்சா அதுவே தேய்ஞ்சு போயிருக்கும். இப்போ டிஸ்க்க பிரேக் கிளீனர் போட்டு சுத்தமான துணில ரெண்டு மூணு தடவை தொடைங்க. பேடு ஆயில குடிச்சிருச்சு, அத உப்புத்தாள்ல தேய்ச்சாலும் அடுப்புல காட்டினாலும் நம்ப முடியாது, புது செட்டு போடுங்க. போட்ட உடனே முழு வேகத்துக்கு போகாதீங்க, காலி எடத்துல மிதமான வேகத்துல இருபது முப்பது தடவை புடிச்சு புடிச்சு விட்டு பேடு டிஸ்க்கோட பழகட்டும். அந்த பழைய பேட குப்பையில போடுங்க, அவசரத்துக்கு ஆகும்னு டப்பாவுல எடுத்து வச்சு அடுத்த வருஷம் யாராச்சும் மாட்டிர போறாங்க.