தெருப் பந்தும் கலர் பாட்டிலும்: வாசகர் கேள்விகள்

உலகக்கோப்பை நெருங்கினால் பெப்சி விளம்பரத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் சந்து பொந்துகளில் பந்து உதைக்கிறார்கள். அவ்வளவு சம்பளம் கொடுத்து அழைத்து வந்தவர்களை நல்ல ஸ்டேடியத்தில் ஆடவிட்டால் என்னவாம்?
*வாசகர், மேலப்பாளையம்*

ஆடவிட உரிமை இல்லை. உலகக்கோப்பையில் குளிர்பான இடம் கோக்கோ-கோலாவுடையது. 1950 முதல் மைதானத்தில் அதன் விளம்பரப் பலகை நிற்கிறது. 1978 முதல் அதிகாரபூர்வ ஸ்பான்சர். ஆகவே கோப்பையின் படம், 'உலகக்கோப்பை' என்கிற சொல், போட்டியின் சின்னம் எதையும் பெப்சி தொட முடியாது. நாட்டு அணியின் ஜெர்சி அந்தந்த நாட்டுச் சங்கத்தின் சொத்து; கிளப் ஜெர்சி கிளப்புக்கு. மிஞ்சுவது ஆட்டக்காரரின் முகமும் காலும். அவற்றைத் தனித்தனி ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். 2022 விளம்பரத்தில் மெஸ்ஸி, போக்பா, ரொனால்டினோ மூவரும் தெருவில் அடுத்தவர் காலுக்கிடையே பந்தை விட்டு விளையாடியதை இப்படிப் பாருங்கள். தெருவுக்கு யாரும் உரிமைத்தொகை கேட்பதில்லை.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. 1996 கிரிக்கெட் உலகக்கோப்பையில் கோக் அதிகாரபூர்வ பானம். 'நத்திங் அஃபிஷியல் அபவுட் இட்' (இதில் அதிகாரபூர்வம் ஒன்றுமில்லை) என்று சச்சினையும் கூட்டாளிகளையும் வைத்துக் கிண்டலடித்த பெப்சியைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். ஆனால் உரிமை கைக்கு வந்துவிட்டால் பெப்சியும் தெருவை விட்டு ஏறிக்கொள்ளும்: 2015 முதல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் அதுவே ஸ்பான்சர்.

காலுக்கு நடுவே பந்து விடும் வித்தை எங்கள் சிமென்ட் தரையில் வரவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு?
*வாசகர், உவரி*

முதல் தப்பு பந்தில் இருக்கலாம். சாதாரண 5-ஆம் எண் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் கெட்டித் தரையில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் துள்ளும். கெட்டித் தரையில் ஐந்து ஐந்து பேராக ஆடும் சிறு கால்பந்தான ஃபுட்சாலுக்கு உரிய பந்து 4-ஆம் எண். சுற்றளவு 62–64 செ.மீ., எடை 400–440 கிராம், அதே உயரத்திலிருந்து 50–65 செ.மீ.தான் எழும். கடற்கரை மணலில் பழகிய கால் சிமென்டில் தடுமாறுவதும் இதனால்தான்: மணல் துள்ளலை விழுங்கிவிடும், சிமென்ட் திருப்பி அடிக்கும். புதுப்பந்து வாங்கக் காசில்லை என்றால் இருக்கிற பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும்.

அடுத்தது நேரம். எதிராளி இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போது விட்டால் முழங்காலைச் சேர்த்துவிடுவான். பந்தை உள்ளங்காலால் உருட்டி ஒரு பக்கம் காட்டுங்கள். அதை எடுக்க அவன் எட்டு வைப்பான். எட்டின கால் தரையில் படுகிற அந்தக் கணம்தான் வாசல் திறக்கும். எடை முழுக்க அந்தக் காலில் இருப்பதால் உடனே இழுக்க முடியாது. அப்போது மெதுவாகத் தள்ளுங்கள், பந்து அவனுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு மீட்டரில் தங்கட்டும். வேகம் கூடினால் இரண்டாவது ஆள் எடுத்துக்கொள்வான். தள்ளியதும் அவன் ஊன்றிய காலின் வெளிப்பக்கமாக ஓடுங்கள், அந்தப் பக்கம் அவனால் சட்டென்று திரும்ப முடியாது. நீங்கள் நிற்கும் தூரம் ஒரு மீட்டர் இருந்தால் போதும். பழக, இரண்டு செங்கலை 40 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். முக்கியமாக, கண் செங்கலுக்கு நடுவே போகக் கூடாது. பார்வைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் ஊரில் சொந்தமாகக் கலர் சோடா போடும் அண்ணாச்சிக்கு, பையன்கள் தெருவில் பந்து விளையாடுவது மாதிரி செல்போனிலேயே ஒரு விளம்பரம் எடுத்துத் தர இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், வள்ளியூர்*

முதலில் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் சும்மா விடாது. தூக்கி அடித்த பந்து விலகும், பேச்சு இரைச்சலாகப் பதியும். அந்த மாதங்கள் என்றால் சுவர் மறைவுள்ள தெருவாகப் பிடியுங்கள். பந்தின் சத்தத்தைத் தனியே, மூடிய இடத்தில் பதிவு செய்து பிறகு சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்குக் காலை ஏழு மணிக்கு மேல், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி நிழல் கட்டும். போனை முழங்கால் உயரத்தில் பிடியுங்கள், அப்போதுதான் பந்துக்கு வேகம் தெரியும். ஷட்டரை நொடியில் 500-இல் ஒரு பங்கு வைத்தால் பந்து இழுபடாமல் விழும். மெதுவாக ஓட வேண்டிய காட்சிக்கு நொடிக்கு 120 ஃபிரேம்.

முகம் ஒருவர், கால் இன்னொருவர் என்று எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்டி ஒட்டுவது பெரிய விளம்பரங்களிலும் உண்டு. 2005-இல் ரொனால்டினோ கோல்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் திரும்பத் திரும்பப் பந்தை அடித்துக் காட்டிய நைக் விளம்பரமே அப்படித் தொகுத்ததுதான். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே ஷூ, ஒரே காலுறை வேண்டும். ஒரு காட்சியில் பந்து இடமிருந்து வலம் போனால் அடுத்ததிலும் அப்படியே போகட்டும்; இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பாட்டிலுக்கு வருவோம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில் வேர்க்கும் துளி நம் வெயிலில் சில நிமிடத்தில் வழிந்து லேபிளை ஊறவைத்துவிடும். பாட்டிலைத் துடைத்துக் காயவைத்து, லேபிள்மேல் நிறமற்ற வார்னிஷ் லேசாகப் பூசி, மருந்துக்கடை கிளிசரினும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஸ்பிரே செய்யுங்கள். துளி அப்படியே நிற்கும். அந்த பாட்டிலை யாரும் வாயில் வைக்க வேண்டாம். குடிக்கிற காட்சிக்கு வேறு பாட்டில், நன்றாகக் குளிர்ந்தது. சூடேறிய கலரில் வாயு சீக்கிரம் போய் நுரை செத்துவிடும். கோலி சோடா என்றால் கோலியை அழுத்தித் திறக்கும் காட்சியை மட்டும் தனியே எடுங்கள். பந்து உருளும் தெருவில் கண்ணாடி பாட்டிலே கூடாது.

அந்த விளம்பரத்திலோ, போட்டி ஃபிளெக்ஸிலோ மெஸ்ஸி படம் போடலாமா?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

கூடாது. வியாபாரத்துக்குப் பிரபலத்தின் முகமும் பெயரும் வேண்டுமென்றால் அவரது அனுமதி வேண்டும். தம் பெயரில் எடுத்த இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது நினைவிருக்கும். உங்கள் ஊர்க் கோல்கீப்பர் படத்தைப் போடுங்கள், அதையும் கேட்டுவிட்டு. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

கலர் கம்பெனி ஸ்பான்சர் செய்தால் இடைவேளையில் பையன்களுக்குக் கலரையே கொடுத்துவிடலாமா?
*வாசகர், பாளையங்கோட்டை*

ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள், ஆளுக்கு ஒன்று. கோலா வகையில் 100 மில்லிக்குச் சுமார் 10–11 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் அது ஐந்து, ஆறு டீஸ்பூன் ஆகிறது. அவ்வளவு இனிப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், வாயு சேர்ந்து ஏப்பமும் வயிற்றுப் பிடிப்பும் வரும். இரண்டாம் பாதியில் ஓட முடியாது. பதநீரும் இனிப்பு கூடியதுதான், அதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். இடைவேளைக்குத் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர். வேர்வை ஊற்றி ஆடுகிற பையன்களுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பை மட்டும் கண் அளவில் அள்ளிப் போடாதீர்கள், கூடினால் கெடுதல்.

கம்பெனியிடம் கேட்கும்போதும் பணத்தை விடப் பொருள் சுலபமாகக் கிடைக்கும்: ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், ஜெர்சி. எத்தனை அணி, எத்தனை நாள், பேனர் எங்கே கட்டுவீர்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் ஊர்க் கடைக்காரர்களிடம் முதலில் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. நெல்லை அருகே கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுத்த வழக்கும், 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை.