இரண்டு காதுக்கும் வேண்டுமா?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்குப் பிறவியிலேயே இரு காதும் கேட்காது. ஒரு காதில் மட்டும் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தால் போதாதா?

பதில்: ஸ்கேனில் இரு பக்கமும் கேட்கும் நரம்பு இருந்தால், இரண்டிலும் வையுங்கள் அம்மா. பேச்சுப் பயிற்சி தருபவளாகத் தினமும் பார்க்கிறேன்: ஒற்றைக் கருவிப் பிள்ளைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் தேடும். இரண்டும் இருந்தால் திசையறிவதும், இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பதும் எளிது. கேட்கும் பாதை மூளையில் முதல் 3 வயதுக்குள்தான் வேகமாக வளர்கிறது. இரண்டாவதை வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை முடிந்து சில வாரம் கழித்தே கருவியை இயக்குவார்கள். முதல் சத்தத்தில் அழுதால் பயப்படாதீர்கள். அப்புறம் தினமும் பயிற்சி. தூக்கம், குளியல் தவிர நாள் முழுக்க மாட்டியே இருக்கட்டும்.