சத்தம் போடாத கடனை முதலில் கட்டுங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் கரூர். 22 லட்ச ரூபாய் கல்விக் கடன் இருக்கிறது. அது போக, தாய்மாமா 4 லட்சம் கைமாற்றாகக் கொடுத்தார். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூடப் படிக்கும் பெண்களோடு மெக்லாரன் வேலில் ஒயின் தயாரிக்கும் ஒரு வைனரிக்கும், அப்படியே போர்ட் வில்லுங்கா கடற்கரைக்கும் போய்வந்தேன். 180 டாலர் ஆனது. வைனரி வாசலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அன்று இரவே மாமா அப்பாவுக்கு போன் செய்து, "என் காசுல ஊர் சுத்தறாளா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. 5 மாதமாக மாமாவுக்கு மாதம் 600 டாலர் அனுப்பிவருகிறேன். இனி 800 அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். மளிகைக்கும் கைச்செலவுக்கும் அப்பாவின் கிரெடிட் கார்டில் எடுத்த ஆட்-ஆன் கார்டு இருக்கிறது. அதில் பாக்கி இப்போது 1,85,000 ரூபாய். மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, அதாவது மினிமம் டியூவை, அப்பா தவறாமல் கட்டிவிடுகிறார். நான் வெளியே போவதை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிறுத்த வேண்டியது வேறு ஒன்று. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பட்ஜெட் போடுங்கள், செலவை எழுதிவையுங்கள் என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு நீங்கள் அனுப்பிய கணக்கே போதும்: வேனுக்குப் பங்கு 65, ஒயின் ருசிபார்க்கும் டேஸ்டிங் கட்டணம் 20, மதியச் சாப்பாடு 45, வில்லுங்கா சந்தையில் அம்மாவுக்கு வாங்கிய பாதாமும் ஆலிவ் எண்ணெயும் 38, காபியும் ஐஸ்கிரீமும் 12. ஐஸ்கிரீமைக்கூட விடாமல் எழுதுகிற பெண்ணுக்குச் சிக்கனத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டாலரை 60 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 10,800 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் ஒரு தடவை போன பணம், அதோடு முடிந்தது.

முடியாமல் மாதாமாதம் போய்க்கொண்டிருப்பது கார்டு வட்டி. மினிமம் டியூ மட்டும் கட்டினால் இன்று பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகிறார்கள். வருடத்துக்கு 42 சதவீதம். 1,85,000-க்கு ஒரு மாத வட்டி ஏறக்குறைய 6,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 7,600-ஐத் தாண்டுகிறது. மினிமம் டியூ 5 சதவீதம் என்று வையுங்கள், அப்பா கட்டுவது 9,250. அதில் அசலுக்குப் போவது 1,600 சொச்சம்தான். பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இந்திய கார்டை அங்கே தேய்ப்பதால் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. பொதுவாக 3.5 சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் மாதம் 400 டாலருக்கு மளிகை வாங்கினால், 1,000 ரூபாய் அரிசி பருப்புக்குப் போகாமல் கட்டணமாகவே போய்விடுகிறது.

இந்த 400 டாலரை ஏன் கார்டில் போடுகிறீர்கள்? கையில் இருந்த 600 டாலரை மாமாவுக்கு அனுப்பிவிட்டதால்தான். மாமா கொடுத்த பணத்துக்கு வட்டி இல்லை, கெடுவும் இல்லை. வட்டியே இல்லாத கடனை அடைப்பதற்காக 42 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 5 மாதத்தில் மாமாவுக்குப் போனது 1,80,000 ரூபாய். கார்டு பாக்கி 1,85,000. இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இது உங்கள் ஒருவருடைய பழக்கம் இல்லை. நம் வீடுகளில் யார் போன் செய்து கேட்கிறாரோ அவர் கடன்தான் முதலில் அடைபடுகிறது. மாமா கேட்கிறார், சித்தப்பா காதில் விழுகிறது, கல்யாண வீட்டில் பேச்சாகிறது. கார்டு எதையும் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்ட் அனுப்பும், அவ்வளவுதான். அதனால் அது பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம்.

அதனால் அடுத்த மாதம் மாமாவுக்கு 800-ம் வேண்டாம், 600-ம் வேண்டாம். அந்த 600 டாலரை, அதாவது 36,000 ரூபாயை, அப்பா கணக்குக்கு அனுப்பி முழுதாகக் கார்டில் கட்டச் சொல்லுங்கள். முதல் மாதம் 28,000 அசல் குறையும். அடுத்தடுத்த மாதங்களில் வட்டி இறங்க இறங்க, 29,500, 30,700 என்று குறைப்பு ஏறும். 6-வது மாதம் பாக்கி தீர்ந்துவிடும். அதே 36,000-ஐ அப்புறம் மாமாவுக்குத் திருப்பினால், மீதியுள்ள 2,20,000 ஏழாவது தவணைக்குள் முடியும். ஆக மொத்தம் ஒரு வருடத்தை ஒட்டி இரண்டும் தீரும்.

இதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில்தான். அந்த கார்டு உங்கள் போனில் இருக்கக் கூடாது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மளிகைக்குக் காசு குறைந்தால் அந்த 600-லிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன கணக்கு சில மாதம் தள்ளிப்போனால் போகட்டும். அப்பாவை வங்கியில் சொல்லி ஆட்-ஆன் கார்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். அது அப்பாவின் பெயரில் இருக்கும் கடன். பாதிப்பு வந்தால், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் மதிப்பெண்ணுக்குத்தான் வரும். அம்மாவின் நகை லாக்கரில் சும்மா இருந்தால், வங்கியில் 10 சதவீத அளவில் நகைக்கடன் வாங்கி கார்டை ஒரேயடியாக முடிப்பது இன்னும் நல்லது. மாத வட்டி 7,600-லிருந்து 1,550-க்கு வந்துவிடும். ஆனால் கார்டு ரத்தான பிறகு மட்டும் அதைச் செய்யுங்கள். நகையும் அடமானத்தில் இருந்து கார்டிலும் மறுபடி பாக்கி ஏறிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேன் பணத்தையும் சாப்பாட்டையும் "நான்கு தவணை, வட்டி இல்லை" என்ற ஆப்பில் கட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆப்களைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. வட்டி இல்லைதான், ஆனால் சம்பளம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் தவணை தேதி வந்து கணக்கில் பணம் இல்லாமல் போனால், தாமதக் கட்டணம் விழும். ஆஸ்திரேலிய அரசே 2025 ஜூனிலிருந்து இதைக் கடன் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பெயர் எதுவானாலும் அது கடன்தான். ஓடுகிற தவணைகளை முடித்துவிட்டு ஆப்பை நீக்கிவிடுங்கள்.

800 அனுப்புவதற்காகக் கூடுதல் நேரம் வேலை செய்யும் எண்ணமும் இருக்கிறது போலிருக்கிறது. படிப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவுக்கு இரண்டு வாரத்தில் 48 மணி நேரம்தான் அனுமதி. அதைத் தாண்டி கையில் காசாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசா போனால் 22 லட்சமும் நடுத்தெருவில் நிற்கும். செமஸ்டர் விடுமுறையில் அந்த வரம்பு கிடையாது. கூடுதலாகச் சம்பாதிக்க அதுதான் நேரம். அப்படி வரும் பணமும் முதலில் கார்டுக்கே போகட்டும்.

வெளியே போவதற்கு மாதம் 60 டாலர் ஒதுக்குங்கள், அதைக் குற்ற உணர்வில்லாமல் செலவழியுங்கள். தோழிகளோடு கடற்கரையில் உட்காருவதும் அந்த ஊர் வாழ்க்கையில் சேர்ந்ததுதான். பழைய படகுத்துறையின் கட்டைகள் கடலுக்குள் வரிசையாக நிற்பதையும், மீனவர்கள் படகு வைக்கப் பாறையில் குடைந்த குகைகளையும் பார்த்ததைக் கடிதத்தில் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். மொத்தக் கடிதத்திலும் பயமில்லாமல் எழுதிய பத்தி அது ஒன்றுதான். கடல்தான் வேண்டுமென்றால் நகரத்திலிருந்து டிராமிலேயே கிளெனெல்க் கடற்கரைக்குப் போய்விடலாம். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் வேன் 65-ம் சாப்பாடு 45-ம் மிச்சம்.

மாமாவிடம் நீங்கள் பேச வேண்டாம், அப்பா பேசட்டும். போனில் வேண்டாம், நேரில் போய்ப் பேசட்டும். "1,80,000 கொடுத்தாச்சு மாப்ளே. கார்டுக் கடன் கழுத்தை நெரிக்குது, ஆறு மாசம் பொறுங்க. ஏழாம் மாசத்திலிருந்து மாசம் 36,000 தவறாம வரும்" என்று சொல்லி, அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசும்போது முதலில் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்து, வட்டி என்ற வரியை அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மாமா பேச்சை அதற்கப்புறம் எடுங்கள்.