மூன்று வருட ஃபியானோவைத் திறக்கலாமா?

கேள்வி: கணவரின் வேலைக்காக நேபிள்ஸில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பரிசாகக் கொடுத்த ‘ஃபியானோ தி அவெல்லினோ’ என்ற வெள்ளை ஒயின் அலமாரியிலேயே கிடக்கிறது. லேபிளில் உள்ள ஆண்டைப் பார்த்தால் மூன்று வயது ஆகிறது. கெட்டிருக்குமா? ஞாயிறன்று அவர்களையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம். அதைத் திறக்கலாமா, கூட என்ன சமைப்பது? கணவர் சுத்த சைவம்.
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகத் திறங்கள். அந்த அலமாரி அடுப்புக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் இல்லையென்றால் ஒயின் நன்றாகவே இருக்கும், இன்னும் சொல்லப்போனால் புதிதாக இருந்ததைவிட இப்போது சுவை கூடியிருக்கும். வெள்ளை ஒயின் என்றாலே அந்த வருடமே குடித்து முடிக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஃபியானோவை இளசாகக் குடித்தால் பேரிக்காய், பூ வாசனை, புளிப்பு, அவ்வளவுதான். சில வருடம் போனால்தான் தேனும் வறுத்த ஹேசல்நட்டும் லேசான புகை மணமும் வரும். உங்கள் ஊருக்குக் கிழக்கே மலைப்பாங்கான இர்பீனியாவில் விளைவது இது. இரவுக் குளிரில் திராட்சையின் புளிப்பு குறையாமல் நிற்பதால்தான் ஒயினும் இத்தனை வருடம் தாங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதற்கான ஃபியானோ திராட்சையே ஏறக்குறைய அழியும் நிலைக்குப் போய்விட்டது. அங்கே ஒயின் தயாரிக்கும் மாஸ்ட்ரோபெரார்டினோ குடும்பம் விடாப்பிடியாக மீட்டெடுத்தது. 2003-இல் இந்த ஒயினுக்கு இத்தாலியின் உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது. நல்ல பரிசுதான் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: ஐஸ் போலக் குளிரவைத்து ஊற்றாதீர்கள், அந்த மணமெல்லாம் அமுங்கிவிடும். 10 முதல் 12 டிகிரி போதும், அதாவது விருந்தினர் வந்து உட்காரும்போதே பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. ‘வெள்ளை ஒயினா, அப்போ மீன்’ என்று எல்லாரும் சொல்வார்கள், தப்பில்லை, தக்காளி சேர்க்காமல் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் செய்யும் மட்டி ஸ்பகெட்டியோடு ஃபியானோ அருமையாகப் போகும். ஆனால் உங்கள் வீட்டு மேசைக்கு நான் சொல்வது நேபிள்ஸ்காரர்களின் ‘பாஸ்தா எ பதாதே’. உருளைக்கிழங்கைக் குழைய வேகவிட்டு, அதிலேயே பாஸ்தாவையும் போட்டு, கடைசியில் புகையூட்டிய புரோவோலா சீஸைக் கிளறி உருகவிடுவது. சீஸின் புகை மணமும் ஒயினின் புகை மணமும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும், மாவும் கொழுப்புமாக நாக்கில் ஒட்டுவதைப் புளிப்பு கழுவிவிடும். இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. பலர் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பார்கள், நீங்கள் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

அப்புறம் முக்கியமான ஒன்று. இத்தாலியின் பாரம்பரிய சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிக்க, கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்ப்பார்கள். எருமைப்பால் மொசரெல்லாவிலும் உண்டு. கணவர் இதைப் பார்ப்பவர் என்றால் கடையில் ‘காலியோ வெஜெதாலே’ (தாவர ரென்னட்) போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா, அவருக்கு மட்டும் பூண்டு, ஆலிவ் எண்ணெய், இடித்த ஹேசல்நட் சேர்த்த ஸ்பகெட்டி செய்துகொடுங்கள். இந்த ஒயின் விளையும் அவெல்லினோ பக்கம் ஹேசல்நட் தோப்புகளும் நிறைய, அதனால் இதுவும் பொருத்தமே.

நேரம் எடுத்துக் காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமை ‘ராகூ’ (தக்காளியும் இறைச்சியும் சேர்ந்த குழம்பு), வினிகர் ஊற்றிய சாலட், காரமான மிளகாய் எதையும் இந்த ஒயினோடு வைக்காதீர்கள். ராகூ செய்தே தீரவேண்டும் என்றால் அதற்கு அதே மலையின் சிவப்பு ஒயின் தௌராசி இருக்கிறது. இனிப்பு பரிமாறும் முன்பே ஃபியானோவை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் புளிப்பாகத் தெரியும். மிஞ்சினால் கார்க்கை அழுத்தி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும்.