அணைவுச் சேர்மங்களை வைத்து அம்மோனியா தயாரிக்கும் ஆய்வில் சேரலாமா?

எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கோபால்ட் தாலோசயனினை (நடுவில் உலோக அணு, சுற்றிலும் கரிம வளையம் உள்ள அணைவுச் சேர்மம்) மின்வினையூக்கியாக, அதாவது மின்சாரத்தால் நடக்கும் வினையை வேகப்படுத்தும் பொருளாக வைத்து நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக்கும் தலைப்பில் பிஎச்.டி. சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள், ஆனால் அந்த வாயுவை விட்டுவிட்டு நைட்ரேட்டை எடுங்கள். தலைப்பை உங்கள் கைடு ஏற்கெனவே முடிவு செய்திருப்பார் என்று நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரன், அங்கே தமிழர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். இங்கே ஒரு ஆய்வகத்தில் இதே சேர்மத்தைக் கார்பன் தாளில் பூசி, நைட்ரஜனைக் கரைசலுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சினோம். அம்மோனியா இருந்தால் நீலமாகும் இண்டோஃபீனால் சோதனையில் நல்ல நீலம் வந்தது. எல்லோரும் கட்டுரை எழுதத் தயாராகிவிட்டார்கள். நைட்ரஜனுக்குப் பதில் வினைபுரியாத ஆர்கான் வாயுவைச் செலுத்திப் பார்க்காமல் என் பெயரைப் போடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். பார்த்தால், ஆர்கானிலும் அதே நீலம்! தாலோசயனின் வளையத்திலேயே 8 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அது சிதைந்தால் அதிலிருந்தே அம்மோனியா வரலாம். கையுறை, சவ்வு, மூச்சுக்காற்று, சிலிண்டரில் கலந்த நைட்ரஜன் ஆக்சைடு என்று சந்தேகப்பட இன்னும் நிறைய உண்டு. அம்மோனியாவின் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் காண, சற்றே கனமான ஐசோடோப்பான நைட்ரஜன்-15 வாயு கேட்டேன், விலையைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். கட்டுரை போகவில்லை. ஒத்துப்போகாதவன் என்ற பெயர் எனக்கு வந்தது. அன்று நின்றதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

துறையே வீண் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நீரில்லாத கரைசலில் லித்தியத்தின் துணையோடு செய்யும் வழியில் நைட்ரஜன்-15 சோதனையைத் தாண்டிய முடிவு 2019-இலேயே வெளிவந்தது. சிக்கல் நீர்க்கரைசலில். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். நாம் கொடுக்கும் எலக்ட்ரான்களோ பக்கத்திலேயே இருக்கும் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜனாகப் போய்விடும்.

நைட்ரேட் தாராளமாகக் கரையும், 8 எலக்ட்ரான் கொடுத்தால் அம்மோனியா. நடு உலோகத்தை மாற்றலாம், வளையத்தின் ஓரத்தில் வேறு தொகுதி சேர்க்கலாம், வினை எங்கே பாதி வழியில் நைட்ரைட்டோடு நின்றுவிடுகிறது என்று பார்க்கலாம். அணைவுச் சேர்மத்தின் பலமே இதுதான். தேவையும் இருக்கிறது: எங்கள் பாட்டன்மார் கூலிகளாக வந்து வெட்டிய கரும்புத் தோட்டங்களில் போடும் உரத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாக ஆற்றுக்குத்தான் போகிறது. தென்னாப்பிரிக்கக் குடிநீரில் நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 11 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

அப்புறம் ஒரு ஆதங்கம். எங்கள் கல்யாண வீடுகளில் டாக்டர், வக்கீல் என்றால்தான் மரியாதை. வேதியியல் ஆய்வு என்றால் "பார்மசியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபெலோ நியோகோங் தாலோசயனின் ஆய்வில் உலகப் பெயர் வாங்கியவர், 2009-இல் லோரியல்-யுனெஸ்கோ விருதும் பெற்றவர். இதே நாட்டில் ஆய்வு செய்து பெயரெடுத்த அவர் பெயரை அங்கே ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்கான் சோதனைக்கும், மின்சாரம் இல்லாத சோதனைக்கும், நைட்ரஜன்-15 நைட்ரேட்டுக்கும் பணம் உண்டா என்று கைடிடம் முதல் நாளே கேளுங்கள். அந்த நைட்ரேட்டிலிருந்து வந்த அம்மோனியம் என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களைப் பார்க்கும் சோதனையில்) இரண்டு கோடாகத் தெரியும். மூன்று கோடு வந்தால் நைட்ரஜன் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. பணம் இல்லை என்றால் வேறு கைடைத் தேடுங்கள்.