கம்பியே சேதி சொல்லும்

ஐயா, வணக்கம். மின்பொறியியல் இறுதியாண்டு மாணவன். சூரியத் தகடுகள், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு மைக்ரோகிரிட்டை (தனித்து இயங்கவல்ல சிறு மின்வலையை) மையக் கணினி ஒன்றிலிருந்து 5ஜி வழியாக இயக்குவது எங்கள் புராஜெக்ட். சராசரித் தாமதம் 10 மில்லிவினாடிதான். ஆனாலும் ‘இதை நம்பிக் கரண்ட் கொடுக்க முடியாது’ என்கிறார் எங்கள் பேராசிரியர். இந்த வேகம் போதாதா?
— ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் பேராசிரியர் சொல்வது சரி. சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆயிரம் செய்திகள் நேரத்துக்கு வந்து, பளு (இழுக்கப்படும் மின்சாரம்) திடீரென்று ஏறும் நொடியில் ஒன்று மட்டும் பிந்தினால் ஊரே இருட்டாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவைப் பாருங்கள். 2008 முதல் நீர், காற்று, வெயில், பேட்டரி, கைகாவலாக டீசல் என்று தனக்கான மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. பேட்டரி நிரம்பியதும் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் அல்லவா? பேட்டரி இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து சற்றே ஏற்றிவிடுகின்றன. எங்கோ ஒரு கூரைக்குக் கீழே இருக்கும் சூரிய இன்வெர்ட்டர் அதைத் தன் முனையிலேயே அளந்து தானாகவே தணிகிறது. மின்சாரம் வரும் கம்பியே சேதியும் சொல்லிவிடுகிறது. பொறியியலில் என்னை இவ்வளவு மகிழ்வித்த ஏற்பாடுகள் குறைவு.

‘டிரூப்’ முறையும் இப்படித்தான். பளு கூடினால் அதிர்வெண் இறங்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு ஜெனரேட்டரும் தன் சக்திக்கேற்பப் பங்கெடுக்கும். இறங்கிய அதிர்வெண்ணை மறுபடி 50-க்குக் கொண்டுவருவதும், எந்த ஜெனரேட்டரை எப்போது ஓட்டுவது என்று முடிவெடுப்பதும் மையக் கணினியின் வேலை. இவை நொடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் நடப்பவை. உங்கள் 5ஜி தாராளமாகப் போதும்.

பாதுகாப்பு மட்டும் வேறு. பழுது நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ‘கூஸ்’ செய்தி 3 மில்லிவினாடிக்குள் சேர வேண்டும் என்கிறது ஐஇசி 61850 என்ற சர்வதேச மின்துறைத் தகவல்தொடர்புத் தரநிலை. அது உள்ளூர் ஈதர்நெட்டில் முன்னுரிமையோடு போகும். ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திராமல் மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். முக்கியமான இடங்களில் தனித்தனி இரண்டு வலையமைப்புகளில் ஒரே செய்தியை அனுப்பி, முந்தி வருவதை எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் புராஜெக்டில் நான் தேடுவது ஒன்றுதான்: தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும்? கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து. குறித்த நேரத்துக்குள் அடுத்த செய்தி வராவிட்டால் அது உள்ளூர் டிரூப்புக்குத் திரும்ப வேண்டும். ஆய்வகத்தில் மையக் கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பளுவை ஏற்றிப் பாருங்கள். விளக்கு அணையாவிட்டால் அந்த அலைவடிவத்தைப் பேராசிரியரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.