பேராசையை விடுங்கள், பத்திரம் யாரிடம்?

கேள்வி: இசைக் கம்பெனிகளின் பேராசையிலிருந்து கலைஞர்களை இணையம் விடுவித்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 'பேராசை' என்று படித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. லாபம் பார்க்க வந்தவன் ஆசைப்படத்தான் செய்வான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவன் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே எழுந்து போய்விடுகிறோம். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

முன்பணம் என்று கம்பெனி கொடுப்பது கடன். பத்து லட்சம் முன்பணம், விற்பனையில் உங்கள் பங்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் கழிவது அந்தப் 15 சதவீதத்திலிருந்து மட்டும்தான். கம்பெனி 66 லட்சம் வசூலித்த பிறகும் உங்கள் பெயரில் பாக்கி நிற்கும். ஸ்டுடியோ வாடகை, வீடியோ செலவு எல்லாம் பெரும்பாலும் அதே கணக்கில்தான் ஏறும். டிஎல்சி என்ற அமெரிக்கப் பெண்கள் குழு, ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995லேயே திவால் மனு கொடுத்தது. சரி, கடன் தீர்ந்தால்? வீட்டுக் கடனை அடைத்தால் வங்கிக்காரன் பத்திரத்தைத் திருப்பித் தருவான். இங்கே அடைத்த பிறகும் மாஸ்டர், அதாவது பாட்டின் மூலப் பதிவு, கம்பெனியிடமே இருக்கும்.

இதற்காகத்தான் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1993ல் தன் பெயரையே உதறிவிட்டு, வாயால் சொல்ல முடியாத ஒரு குறியைப் பெயராக வைத்துக்கொண்டார். கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். கோடிகளில் புரள்கிறவனுக்கு என்ன அடிமைத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. தான் பாடிய பாட்டு தன் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? 1996ல் தன் இசைக் கம்பெனியான வார்னரை விட்டு வெளியே வந்தார். பழைய பதிவுகளின் உரிமை கைக்கு வந்தது 2014ல். இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இணையத்துக்கு வருகிறேன். 2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழு, விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று புது ஆல்பத்தைத் தங்கள் தளத்திலேயே விட்டது. இஎம்ஐ என்ற இசைக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் தீர்ந்திருந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆறு ஆல்பமும் அப்போது இஎம்ஐ கையில் இருந்தன. அடுத்த வருஷமே அவற்றிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கி இஎம்ஐ ஒரு தொகுப்பு போட்டது. அதை உருவாக்கியதில் குழுவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆக, கடையையும் லாரியையும்தான் இணையம் ஒழித்தது. ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. புது முதலாளியும் வந்தாயிற்று. 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் இணையத்தில் பாட்டு கேட்க வைக்கும் ஸ்பாட்டிஃபை நிறுவனம் காசே தருவதில்லை. சின்னத் தொகைதான், ஆனால் அது பாடியவனுடையது. அதை எடுத்து அதிகம் கேட்கப்படும் பாட்டுகளுக்குப் பங்கு வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

நம் ஊரில் இன்னும் மோசம். சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை, அதாவது பாட்டின் வருமானத்தில் தங்களுக்கு வரும் பங்கை, எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆனது. அதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். இப்போதும் வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றித் தரலாம். 'எல்லா உரிமையும் கம்பெனிக்கே' என்று தாளை நீட்டினால், இந்த விதியைச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.